ஆர்ட் பேப்பர் பொம்பளை

சேசு மரி சூசை

ராயபுரம்
3-2-1969

அன்புள்ள ஹில்டா அக்காவுக்கு, டோரதி எழுதுவது.

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே நீ கிழித்துப் போட்டாலும் நான் குறை சொல்ல முடியாது. நீ வரதனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சேலத்துக்குப் போன பிறகு நாலு வருஷமாக உன் கடிதங்களை எல்லாம் அப்படியேதான் திருப்பி அனுப்பினோம். அப்பா சொன்னார், நான் செய்தேன். போன ஜூனில் எனக்குக் கல்யாணம் ஆனதுகூட உனக்கு யாராவது சொல்லித்தான் தெரிந்திருக்கும். அவர் பெயர் லூயிஸ். ஹார்பரில் டாலி கிளார்க், கப்பலில் இருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணிக் குறிக்கிற வேலை. மாமனார் இல்லை. மாமியார் இருதயம்மாள் அத்தை எங்களோடு இருக்கிறார். நான் திருவொற்றியூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன்.

உன் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். அம்மா உயிரோடு இல்லை. வேறு யாரைக் கேட்பேன்?

எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அந்த இடத்துக்கு நம் தெருவில் ஒரு பெயர் இருக்கிறது. குழாயடியில் குடத்தைத் தூக்கி அடித்துக்கொள்ளும்போது மட்டும் வாயில் வரும் பெயர். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ‘அங்கே’ என்று எழுதுகிறேன், நீ புரிந்துகொள்.

அங்கே எனக்கு ஏதோ கோளாறு அக்கா. உள்ளே இருக்க வேண்டிய சதை வெளியே தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாகவும் இல்லை, இடது பக்கம் நீளம். நிறமும் கறுப்பு. வலி இல்லை, புண் இல்லை, மாதா மாதம் ஒழுங்காகத் தூரமாகிறேன். இருபத்து நாலு வயது வரைக்கும் நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். கப்பல்காரன் எவனோ இவருடைய தோஸ்துக்குக் கொடுத்ததாம். வழவழ என்று ஆர்ட் பேப்பர், பக்கத்துக்குப் பக்கம் துணியில்லாத வெள்ளைக்காரிகள். எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். “பாத்தியா, பொம்பளைன்னா இப்டி வழவழன்னு இருக்கணும். உனுக்கு மட்டும் இன்னாடி இது, கோழிக் கொண்டை மாதிரி?” என்றார்.

அந்த வார்த்தை கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோழிக் கடைப் பக்கம் போனால் குமட்டுகிறது. கார்பாலிக் சோப்பு போட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவுகிறேன். தோல் உரிந்து எரிகிறது. கழுவின கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவுகிறேன். என் உடம்பைத் தொட எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவர் அத்தையிடமும் சொல்லிவிட்டார். அத்தை என்னை வியாகுலம்மாளிடம் கூட்டிப்போனார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து நின்றுவிட்டவர். வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேட்டரி லைட் அடித்துப் பார்த்தார். எச்சில் ஒரு துளி என் தொடையில் விழுந்தது, புடவையால் துடைத்துக்கொண்டேன். “வெட்டிட்டா சரியாப் பூடும். அஞ்சு நிமிச வேலை. தபசு காலத்துல பண்ணிக்கலாம்டி. நாப்பது நாளு புருசன் பொண்டாட்டி சேரக் கூடாது இல்ல? அதுக்குள்ள ஆறிப்பூடும். ஈஸ்டருக்குப் புதுப் பொண்ணு” என்று சிரித்தார். சாம்பல் புதனுக்கு மறுநாள், இருபதாம் தேதி வியாழக்கிழமை என்று முடிவு செய்துவிட்டார்கள். வெட்டிக்கொள்ளாவிட்டால் அப்பா வீட்டில் கொண்டு விட்டுவிடுவேன் என்கிறார் இவர்.

நான் உன்னிடம் கேட்பது இதுதான். வெட்டினால் தையல் போடுவார்களா? எத்தனை நாள் லீவு சொல்ல வேண்டும்? ஏதாவது ஊசி முன்னாடியே போட்டுக்கொள்ளலாமா?

வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. என்னோடு வேலை செய்கிற அம்மு காலடிப்பேட்டையில் இருக்கிறாள். விலாசம் பின்பக்கம்.

இப்படிக்கு,
டோரதி


சேலம்
8-2-1969

டோரதி,

முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. அப்பா சொன்னார், நீ செய்தாய், சரி. ஆனால் ஒவ்வொரு கவர் மேலும் ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது உன் கையெழுத்து. ஒரு தடவையாவது எழுத்து கோணியிருக்கிறதா என்று பார்ப்பேன். கோணவே இல்லை, காப்பி நோட்டு மாதிரி அவ்வளவு அழகு. போகட்டும். இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன். பேசுவேன், ஆனால் இன்றைக்கு இல்லை.

வெட்டிக்கொள்ளாதே.

தையலும் வேண்டாம், லீவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். உனக்கு ஒரு கோளாறும் இல்லை. நீ எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். வலி இல்லை, புண் இல்லை, புதிதாக வந்த கட்டி இல்லை, தூரம் ஒழுங்கு. பிறகு என்ன நோய்? வெளியே தடித்து இருப்பது வெளியுதடு. அதற்குள்ளே மெல்லிய மடிப்பாக இருப்பது உள்ளுதடு. இது திட்டுகிற வார்த்தை இல்லை, நீ தாராளமாக எழுதலாம். உள்ளுதடு சிலருக்கு வெளியே தெரியாது, நிறையப் பேருக்குத் தெரியும். ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாக இருப்பது சர்வ சாதாரணம். மற்ற உடம்பைவிடக் கறுப்பாகத்தான் இருக்கும், ஓரம் சுருங்கித்தான் இருக்கும். ஊரில் எல்லாருக்கும் ஒரே மூக்கா இருக்கிறது? பதினோரு வருஷமாக லேபர் வார்டில் நிற்கிறேன். நாலாயிரம் பேரையாவது பார்த்திருப்பேன். ஒருத்தி மாதிரி ஒருத்தி இருந்ததில்லை.

நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். அதனால் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நர்சிங் படிக்கும்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாடப் புத்தகத்துப் படத்தில் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. ஹாஸ்டல் குளியலறையில் கைக்கண்ணாடி வைத்து என்னைப் பார்த்தேன். படத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. ஏதோ கெட்ட நோய் என்று மூன்று நாள் அழுதேன். கடைசியில் டியூட்டர் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் பதிலே சொல்லவில்லை, ஒரு மாதம் லேபர் வார்டு டியூட்டி போட்டார். பத்தாம் நாளே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வெட்டினால் என்ன ஆகும் என்று கேள். அங்கே ரத்தக் குழாயும் நரம்பும் நிறைய. ரத்தம் லேசில் நிற்காது. சீழ் பிடிக்கும். ஆறினாலும் தழும்பு இழுத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போகும்போதும் எரியும். ஆயா அம்மாள் எதை வைத்து வெட்டப் போகிறாராம்? வெற்றிலை எச்சிலாம், பேட்டரி லைட்டாம். சீ.

அந்தக் கார்பாலிக் சோப்பைச் சாக்கடையில் போடு. தரை கழுவுகிற சோப்பு அது. வெறும் தண்ணீர் போதும்.

இன்னொன்று. லூயிஸ் என்னை நம்ப மாட்டான், நீயும் பாதிதான் நம்புவாய். அந்தப் புத்தகத்தில் இருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து எனக்கு அனுப்பு. வரதனுக்குப் போட்டோ ஸ்டூடியோவில் படத்தைத் திருத்துகிற டச்சிங் வேலை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அவரால்தான் சொல்ல முடியும்.

ஹில்டா


சேசு மரி சூசை

ராயபுரம்
13-2-1969

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கம் இதற்குள் இருக்கிறது. பங்குக் கோயில் மடலுக்கு நடுவே வைத்து ஒட்டியிருக்கிறேன். தபாலாபீசில் பிரித்துப் பார்த்தால் என்னை ஜெயிலில் போடுவார்களா என்று அம்மு கேட்டாள். இதை அந்த மனுஷன் பார்க்கப் போகிறார் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. நீ எப்படித்தான் அவரிடம் நீட்டப் போகிறாயோ. ஆனால் சேலத்தில் இருக்கிற ஒருத்தர் பார்ப்பதற்கு நான் ஏன் கூச வேண்டும் என்று நேற்றில் இருந்து தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று இக்னேஷியஸ் வீட்டுக்கு வந்தார். இவருடைய தோஸ்து, அதே ஹார்பரில் வேலை. நான் டீ கொண்டுபோய் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை அக்கா. பார்வை கீழே போயிற்று, பிறகு இவரைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னா தங்கச்சி, ஒடம்புக்கு வைத்தியம் பாக்கறீங்களாமே? சீக்கிரம் சரியாப் பூடும்” என்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அவர் குடித்த டம்ளரைக் கழுவ மனசில்லாமல் குப்பையில் போட்டுவிட்டேன். டம்ளர் எங்கே என்று அத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

நீ எழுதினதை நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் நீ பார்ப்பது பிள்ளை பெறும் நேரத்தில். அப்போது எல்லாருக்கும் அப்படி ஆகுமோ என்னவோ. அதோடு, நீ எனக்கு அக்கா, நன்றாக இருக்கிறாய் என்றுதானே சொல்வாய்? புத்தகத்தில் நாற்பது பக்கம். நாற்பது பேரும் பீங்கான் தட்டு மாதிரி. நாற்பது பேரும் ஒரே மாதிரி இருக்க, நான் மட்டும் எப்படிச் சரியாக இருப்பேன்? நீ சொல்கிற நாலாயிரம் பேரை நான் பார்க்கவில்லை, இந்த நாற்பது பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். சோப்பை எறிந்துவிட்டேன். எரிச்சல் நின்றுவிட்டது.

நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். உன் கடிதத்தை எல்லாம் திருப்பி அனுப்பினேன், உண்மைதான். ஆனால் நீ ராத்திரியோடு ராத்திரியாகப் போனபோது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் உன் படுக்கையைச் சுருட்டி வைத்தது நான்தான். அதுவும் அழகாகத்தான் சுருட்டினேன்.

இன்னும் ஏழு நாள் இருக்கிறது. உடனே பதில் போடு.

டோரதி


சேலம்
17-2-1969

டோரதி,

காலைத் தபாலில் இதைச் சேர்க்கிறேன். புதன்கிழமைக்குள் வந்து சேரும் என்று அந்தோணியாரை வேண்டிக்கொண்டேன். நாலு வருஷம் கழித்து அவரிடம் பேசுகிறேன், கேட்பாரோ என்னவோ.

பக்கத்தை வரதனிடம் நீட்ட எனக்கும் கூச்சம்தான். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து கொடுத்தேன். முதலில் “ஐயே, இன்னா இது!” என்று திருப்பிப் பிடித்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஸ்டூடியோவில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார். பொம்பளையைப் பார்க்கிற பார்வை இல்லை அது. தச்சன் இன்னொரு தச்சன் செய்த நாற்காலியைப் பார்க்கிற பார்வை.

“ஹில்டா, இது பாதிதான் போட்டோ. மீதி பெயிண்டு” என்றார்.

அவருடைய வேலையே அதுதான் டோரதி. நெகட்டிவ் மேல் பென்சிலும் கத்தியும் வைத்து அம்மைத் தழும்பைச் சுரண்டுவார், மாறுகண்ணை நேராக்குவார். பெண் பார்க்க அனுப்புகிற போட்டோக்களில் எத்தனை மூக்கைச் சீவியிருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. வெளிநாட்டில் காற்றால் பெயிண்ட் தெளிக்கிற பிரஷ் இருக்கிறதாம். “அங்க அதைக் காட்டி புக்கு போட்டா போலீஸ் புடிச்சி உள்ள போடும். அதுக்கு பயந்து மேல பெயிண்ட அடிச்சி வழிச்சி வுட்டுட்டானுங்க. மயிரும் இல்ல, மடிப்பும் இல்ல, ஒண்ணுக்குப் போவ வழிகூட இல்ல. இப்டி ஒரு பொம்பளை இருந்தா மூணாம் நாளு மூத்திரம் அடைச்சி செத்துப் பூடுவா. நாப்பது பக்கமும் ஒரே ஆளு அடிச்ச பெயிண்டு, அதான் நாப்பது பேரும் ஒரே மாதிரி கீறாங்க. உங்க தங்கச்சி புருசன் பெயிண்ட பாத்துட்டு பொண்டாட்டிய வெட்டப் பாக்கறான்” என்றார். அவர் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன், லூயிஸிடம் காட்டு. முதல் வட்டம் தொப்புள். பிரஷ் கொஞ்சம் மேலே ஏறி, தொப்புளில் பாதி காணாமல் போயிருக்கிறது. இரண்டாவது வட்டம் தொடை மேல் வைத்திருக்கும் இடது கை. விரலை எண்ணச் சொல். நாலுதான் இருக்கிறது. தொடைக்குப் பெயிண்ட் அடித்தவன் சுண்டுவிரலையும் சேர்த்து அடித்துவிட்டான். “ஒரு வெரலையே முழுங்கினவன் மத்ததை வுட்டு வெப்பானா?” என்கிறார் வரதன்.

பிரசவ நேரத்தில் அப்படி ஆகுமோ என்று கேட்டிருந்தாய். இல்லை. கல்யாணம் ஆகாதவர்கள், கிழவிகள், கட்டிக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் என்று எல்லாரையும்தான் பார்க்கிறேன். நீ எனக்குத் தங்கை என்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன், கோளாறு ஏதாவது இருந்தால் நாலு வருஷக் கோபத்தில் அதை அப்படியே சொல்லி உன்னை அழவைத்திருப்பேனே.

படுக்கையைச் சுருட்டினது பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போக முடியாமல் அரை நாள் லீவு போட்டேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீயும் அழுவாய், நான் போக மாட்டேன் என்று பயந்தேன்.

வியாழக்கிழமை அந்த வீட்டு வாசப்படி ஏறாதே.

ஹில்டா


சேசு மரி சூசை

காலடிப்பேட்டை
22-2-1969

அன்புள்ள அக்காவுக்கு,

வெட்டவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன், நீ மூச்சு விடு. அம்மு வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

புதன்கிழமை அம்மு உன் கவரைக் கம்பெனிக்கு எடுத்துவந்தாள். நெற்றியில் சாம்பலோடு கம்பெனிக் கக்கூஸில் நின்று படித்தேன். நாலு விரல் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே நின்றவள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று கதவைத் தட்டினாள். டிசம்பருக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாயந்தரம் அவரிடம் பக்கத்தை நீட்டி விரலை எண்ணச் சொன்னேன். எண்ணினார். டாலி கிளார்க் இல்லையா, இரண்டு தடவை எண்ணினார். “நாலுதான். எதனா ஆக்சிடெண்ட்ல போயிருக்கும்” என்றார். தொப்புளைக் காட்டினேன். “அவளுக்கு அப்டித்தான் இருக்கும்” என்றார். அவளுக்கு மட்டும் அப்படித்தான் இருக்கலாமாம். பிறகுதான் பென்சில் வட்டம் உறைத்தது. “இக்னேஷியஸ் புக்குடி இது! கிழிச்சியா? எவன் கிட்ட காட்டின? உங்க அக்காவ இட்டுக்கினு போனானே அந்த போட்டோக்காரன் கிட்டயா? வெக்கமா இல்ல உனுக்கு?” என்று குதித்தார். என் உடம்பைப் பற்றி இக்னேஷியஸிடம் சொல்லலாம். கடுதாசிப் பொம்பளையை வரதன் மாமா பார்த்தால் மானம் போய்விடும். எனக்கு அவர் வாய் அசைவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஓரத்தில் நுரை கட்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் மறுநாள் நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், நானும் நடந்தேன். எட்டு மாதமாக அப்படித்தானே நடக்கிறேன்.

வியாகுலம்மாள் வீட்டுப் பின்கட்டில் பாய் விரித்திருந்தது. பாயில் பழைய கறை. பக்கத்தில் மீன் கழுவுகிற அலுமினியத் தட்டு, செதில்கூடப் போகவில்லை. அதில் வெந்நீரும் ஒரு சவர பிளேடும். பிளேடில் யாரோ சவரம் பண்ணின மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈ ஒன்று தட்டு விளிம்பில் நடந்தது. அந்த அம்மாள் அதே தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு, “படு, கண்ண மூடிக்கினு அருள் நிறைந்த மரியே சொல்லு” என்றார். அத்தை உள்ளே வரவில்லை. வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

நான் படுக்கவில்லை. “ஆயாம்மா, ஆஸ்பத்திரியில எத்தினி வருசம் இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“இருவது வருசம்.”

“எல்லாருதும் புக்குல கீற மாதிரியா இருந்துச்சு? என்னுது மட்டும்தான் இப்டியா?”

“எவடி அங்கல்லாம் பாத்தா? கொழந்த தலை வருதான்னு பாப்போம், துணிய மூடுவோம். அந்தக் கலீஜ எவ பாப்பா?”

இருபது வருஷம் அங்கேயே நின்றவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர்தான் எனக்கு இது சரியில்லை என்று சொன்னவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தட்டைக் காலால் எத்தினேன். தண்ணீர் அவர் புடவை மேல் கொட்டி, அவர் குழாயடிப் பெயரெல்லாம் சொல்லிக் கத்தினார். வாசற்படியில் அத்தையைத் தாண்டிப் போகும்போது அவர் என்னைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தார்.

பஸ் ஏறி நேரே இங்கே வந்துவிட்டேன். அம்மு, “மொதல்ல துன்னு” என்று சோறு போட்டாள். நெத்திலிக் குழம்பு. இரண்டு தட்டு சாப்பிட்டேன். மறுநாள் அப்பாவைப் போய்ப் பார்த்தேன், காரணத்தை எப்படிச் சொல்வது? “புருசன் வூட்டுக்குப் போம்மா” என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

டோரதி


சேலம்
1-3-1969

டோரதி,

தட்டை எத்தினாய் என்று படித்ததும் வரதன் என் கையில் இருந்து கடிதத்தைப் பிடுங்கித் தானும் ஒரு தடவை படித்துக்கொண்டார். நீ அவரை மாமா என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அன்றைக்கே அரைக் கிலோ அல்வா வாங்கிவந்தார்.

நீ இங்கே வந்துவிடு. ஆஸ்பத்திரியில் அலுவலக வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். அம்மு வீட்டில் எத்தனை நாள் இருப்பாய்? லூயிஸ் வந்து அழுவான், கோயிலில் சத்தியம் பண்ணுகிறேன் என்பான், நீ இரக்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுவாய். உன்னை எனக்குத் தெரியும். விரலை எண்ணிப் பார்த்தும் நம்பாத ஆளோடு எதைப் பேசித் தீர்க்க முடியும்? அந்த மயிர் ஒட்டின பிளேடு எனக்குக் கனவில் வருகிறது. வார்டில் ஒவ்வொரு தடவை ஸ்டெரிலைசரைத் திறக்கும்போதும் உன் தட்டு ஞாபகத்துக்கு வந்து நாக்கில் கசப்பு ஊறுகிறது.

அந்த வியாகுலம்மாள் இதற்கு முன்னால் யாருக்காவது செய்திருக்கிறாரா? அஞ்சு நிமிச வேலை என்று அவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொன்னார்? அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்தால் எழுது.

ஹில்டா


சேசு மரி சூசை

காலடிப்பேட்டை
23-3-1969, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

சேலத்துக்கு வரவில்லை அக்கா. எனக்கு இங்கே வேலை இருக்கிறது, இந்தக் கடல் காற்று இல்லாமல் எனக்கு மூச்சு முட்டும். லூயிஸ் வீட்டுக்கும் போகப்போவதில்லை. நான் இரக்கப்படுவேன் என்று நீ எழுதினது தப்பு.

போன சனிக்கிழமை அவன் கம்பெனி கேட்டுக்கு வந்தான். தலைக்கு எண்ணெய் தடவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். “அம்மா வெட்ட வேணாம்னுட்டாங்க. எனுக்கும் பரவால்ல. லைட்ட அணைச்சிட்டாப் போச்சு. வூட்டுக்கு வா” என்றான். பெரிய மனசு பண்ணுகிறானாம். பேசிக்கொண்டே என் கையைப் பிடிக்க வந்தான். அந்தக் கட்டைவிரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினது ஞாபகம் வந்தது. அதே விரல். கழுவியிருப்பானா என்றுதான் முதலில் தோன்றியது. “எனுக்கு உன்ன பாத்தா குமட்டுது” என்றேன். கேட்டில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. மூன்று மாதமாக என் உடம்பைப் பார்த்து நான் பட்ட அருவருப்பெல்லாம் யாருக்குச் சேர வேண்டியதோ அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் போன பிறகு எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

இதை எழுத நான் உட்காரவில்லை. இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

காலைப் பூசை முடிந்து அத்தை இங்கே வந்தார், தனியாக. மகனுக்காகச் சண்டை போட வந்திருக்கிறார் என்று அம்மு விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். அவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். “உங்க அக்கா எழுதினத படிச்சிக் காட்டுடி” என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். வெளியுதடு உள்ளுதடு என்று வந்த இடத்தில் எனக்குக் குரல் இறங்கியது, “சத்தமாப் படி” என்றார். ஒரு மூக்கு மாதிரி ஒரு மூக்கு இருக்காது என்பதற்குத் தலையை ஆட்டினார். வெட்டினால் தழும்பு இழுக்கும், ஒண்ணுக்குப் போகும்போது எரியும் என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “அத இன்னொரு தபா படி” என்றார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

பிறகு சொன்னார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், அவருக்கு இருபது வயதாம். அவர் புருஷன், என் மாமனார், கப்பலில் கலாசி, கயிறு இழுக்கிற ஆள். ரங்கூன் போய்த் திரும்பிவந்து, அங்கே பார்த்த பொம்பளைகள் இப்படி இல்லை என்றாராம். வியாகுலம்மாளின் தாயார் அப்போது உயிரோடு இருந்தார், அவர்தான் வெட்டினாராம். அதுவும் தபசு காலத்தில்தான். அதே பின்கட்டு. சவரக் கத்தி. “வியாகுலம் அப்ப சின்னப் பொண்ணு, என் காலப் புடிச்சிக்கினு இருந்தா” என்றார். பதினைந்து நாள் ஜுரமாம். “அப்பவும் அந்த ஆளு ரங்கூன் பேச்ச வுடல. லூயிசு பொறக்கச்சே தழும்பெல்லாம் கிழிஞ்சிப் போச்சி. முப்பத்திரெண்டு வருசமா ஒண்ணுக்கு வுடும்போதெல்லாம் பல்லக் கடிச்சிக்கினுதான் வுடறேன். பொம்பளைன்னா அப்டித்தான் எரியும்னு நெனச்சேன். உனுக்கும் எரியுமில்ல?”

எரியாது என்றேன். அம்முவைத் திரும்பிப் பார்த்தார். அம்முவும் இல்லை என்று தலையாட்டினாள்.

அத்தை தன் மடியைப் பார்த்தார். “அப்ப எனுக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சாடி?” என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். “ஒண்ணும் இல்ல அத்தே. நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றேன்.

அவர் எழுந்து வெளியே போனார். சாக்கடையோரம் குந்தி வாந்தி எடுத்தார். வயிற்றில் ஒன்றுமில்லை, நற்கருணைக்காக வெறும் வயிற்றோடு வந்திருந்தார், வெறும் பித்தநீர்தான் வந்தது. அப்படியும் நிற்கவில்லை. நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன், அம்மு தண்ணீர் ஊற்றினாள்.

இன்னும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் கழித்து ஏதாவது செய்ய முடியுமா அக்கா? எந்த டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று உடனே எழுது. பொம்பளை டாக்டராகப் பார்த்து எழுது. நான் கூட இருப்பேன்.

டோரதி